நாய்க்குக் கொழுப்புக் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிப்பாட்டும்போதோ உண்ணி பொறுக்கும்போதோதான் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படும். நேற்று வரை இல்லாத ஒன்று இன்று எலுமிச்சை அளவில் விலாவில் உருளும். நாய்க்கோ எந்தக் கவலையும் இல்லை, சாப்பிடுகிறது, ஓடுகிறது. அந்தக் கட்டியை என்ன செய்வது என்று நாய் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கொழுப்புக் கட்டி என்பது என்ன?

தோலுக்கடியில் உள்ள கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் மட்டும் பெருகி, மெல்லிய உறைக்குள் திரண்டு நிற்பது. மருத்துவப் பெயர் லைப்போமா. புற்று கிடையாது, வேறு உறுப்புக்குப் பரவாது. நெஞ்சு, விலா, வயிறு, முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அதிகம் வரும். ஒன்று வந்த நாய்க்கு இன்னும் இரண்டு மூன்று வருவது சாதாரணம்.

எந்த நாய்களுக்கு வருகிறது?

நடுவயதைத் தாண்டிய எந்த நாய்க்கும் வரலாம். லேப்ரடார், டாபர்மேன், காக்கர் ஸ்பானியல், மினியேச்சர் ஷ்னாசர் ஆகிய இனங்களில் கூடுதல். எடை கூடிய நாய்களிலும் அதிகம் பார்க்கிறோம். நாட்டு நாய் என்பதால் வராது என்று நினைக்க வேண்டாம்.

தொட்டால் மெத்தென்று இருக்கிறது, விரலால் தள்ளினால் நகர்கிறது. அப்படியென்றால் கொழுப்புக் கட்டிதானே?

இருக்கலாம். ஆனால் தடவிப் பார்த்து முடிவு சொல்பவரை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

காரணம், மாஸ்ட் செல் கட்டி. நாய்களின் தோலில் வரும் புற்றுகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். தோலின் மேற்பரப்பில் வந்தால் சிவந்து, முடி உதிர்ந்து, பார்த்ததுமே சந்தேகம் வரும். தோலுக்கடியில் வளரும் வகையோ லைப்போமாவைப் போலவே மெத்தென்று, வலியில்லாமல், நகரும்படி இருக்கும். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியும்போது பல நேரம் மாதங்கள் ஓடியிருக்கும். எடுக்கும் முறையும் வேறு: லைப்போமாவை அதன் ஓரத்தோடு உரித்து எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டியைச் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் ஒரு அடுக்குத் திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும். கொழுப்புதான் என்று நினைத்து வெறுமனே உரித்தெடுத்து, பிறகு அது மாஸ்ட் செல் என்று தெரிய வந்தால், இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒரு சின்ன அறிகுறி: கையால் அழுத்திப் பிசைந்த பிறகு கட்டி சிவந்து வீங்கினாலோ, காலையில் சிறிதாகவும் மாலையில் பெரிதாகவும் தெரிந்தாலோ மாஸ்ட் செல்லைச் சந்தேகியுங்கள். அந்தச் செல்களுக்குள் இருக்கும் ஹிஸ்டமின் என்ற, வீக்கத்தை உண்டாக்கும் பொருள் வெளியேறுவதுதான் காரணம். ஆகவே எந்தக் கட்டியையும் தினமும் பிசைந்து பார்க்காதீர்கள்.

வேறு என்னவாகவெல்லாம் இருக்கலாம்?

தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டைகள் தட்டுப்பட்டால் அவை கட்டிகளே இல்லை, வீங்கிய நிணநீர்க் கணுக்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலில் இப்படி வீங்கும். நிணநீர்ப் புற்றிலும் வீங்கும். இது மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம் அல்ல, அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

தொடை இடுக்கிலோ தொப்புளிலோ உள்ள மெத்தென்ற வீக்கத்தை அழுத்தினால் உள்ளே போய்விடுகிறதா? குடலிறக்கமாக இருக்கலாம். அங்கே சோதனைக்கு ஊசி குத்துவதற்கு முன் ஸ்கேன் அவசியம். பெண் நாயின் காம்புகளை ஒட்டி வருவதை மடிக்கட்டி என்றே முதலில் கருத வேண்டும். தடுப்பூசி போட்ட இடத்தில் வரும் சிறு கடினம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றும். சூடும் வலியுமாக ஓரிரு நாளில் எழும்பினால் சீழ்க்கட்டி.

எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

1 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாமல் இருந்தாலோ ஊசி மாதிரி (கட்டிக்குள் ஊசி செலுத்திக் கொஞ்சம் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். வேகமாக வளர்கிற கட்டிக்கு அந்த ஒரு மாதமும் கிடையாது.

ஊசி மாதிரியை எப்படி எடுப்பார்கள்? மயக்க மருந்து வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, தடுப்பூசி போடும் நேரத்தில் முடிந்துவிடும். தேவையானவை: 22 அல்லது 23 கேஜ் ஊசி இரண்டு மூன்று, 5 மி.லி. அல்லது 10 மி.லி. சிரிஞ்சு, கண்ணாடி ஸ்லைடு நான்கைந்து.

கட்டிக்கு மேலுள்ள முடியை ஒதுக்கி ஸ்பிரிட்டால் துடைத்து, காய விடுவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கட்டியை இறுக்கிப் பிடித்து, ஊசியை நடுப்பகுதி வரை செலுத்தி, சிரிஞ்சின் தண்டை 2 அல்லது 3 மி.லி. கோடு வரை இழுத்து, ஊசியை வெளியே எடுக்காமலே மூன்று நான்கு திசைகளில் திருப்புவார்கள். வெளியே எடுக்கும் முன் தண்டை விட்டுவிட வேண்டும். இதை மறந்தால் ஊசிக்குள் இருக்க வேண்டிய செல்கள் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும், ஸ்லைடுக்கு ஒன்றும் வராது. பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மீண்டும் மாட்டி, ஸ்லைடின் மேல் ஒரே அழுத்தில் ஊத வேண்டும். இன்னொரு ஸ்லைடை மேலே வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பரப்ப வேண்டும்.

சிலர் சிரிஞ்சு இல்லாமல், வெறும் ஊசியை ஆறேழு முறை முன்னும் பின்னும் செலுத்தியே எடுப்பார்கள். மாஸ்ட் செல் போன்ற, செல்கள் எளிதில் உதிரும் கட்டிகளுக்கு இந்த முறை நல்லது. ரத்தம் கலப்பதும் குறைவு.

லைப்போமா என்றால் ஸ்லைடைப் பார்த்ததுமே தெரியும். விளக்கெண்ணெய் தெளித்ததுபோல் பளபளக்கும் துளிகள், பத்து நிமிடம் காற்றில் வைத்தாலும் காயாமல் அப்படியே நிற்கும். இங்கேதான் ஒரு சிக்கல். சாயம் ஏற்றும் முன் ஸ்லைடை மெத்தனாலில் முக்குவார்கள். அதில் கொழுப்பு கரைந்து போய்விடும். நுண்ணோக்கியில் ஸ்லைடு காலியாகத் தெரியும், "செல்கள் போதவில்லை" என்று ரிப்போர்ட் வரும். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், படிவத்தில் "காயாத எண்ணெய்த் துளிகள் இருந்தன" என்று எழுதி அனுப்பும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்புச் செல்கள் கழுவப்படாமல் தப்பியிருந்தால், பலூன் போல் உப்பி, உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கிய செல்கள் கொத்தாகத் தெரியும்.

மாஸ்ட் செல்லில் காட்சியே வேறு: வட்டச் செல்கள், உள்ளே ஊதா நிறப் பொட்டுகள் நிறைந்திருக்கும். லீஷ்மன், ஜீம்சா சாயங்களில் அவை நன்றாகத் தெரியும்.

ரிப்போர்ட்டில் கொழுப்பு என்று வந்துவிட்டது. இனி நிம்மதியா?

பாதி நிம்மதி. தோலுக்கடியில் எங்கே குத்தினாலும் கொழுப்பு வரும். ஊசி கட்டிக்குப் பக்கத்தில் போயிருந்தாலும், கட்டியை மூடியிருக்கும் சாதாரணக் கொழுப்பில் நின்றிருந்தாலும் ரிப்போர்ட் இதையேதான் சொல்லும். கைக்குத் தட்டுப்படுவதும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மெத்தென்ற கட்டி, எண்ணெய்த் துளி: பொருந்துகிறது. கெட்டியான, அடியோடு ஒட்டி நிற்கும் கட்டியில் வெறும் கொழுப்பு மட்டும் வந்தால் நம்பாதீர்கள். மறுபடி குத்த வேண்டும், அல்லது பயாப்சி (சிறு திசுத் துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஐந்து கட்டி இருந்தால் ஐந்து ஊசி. "அதுவும் இது மாதிரிதான் இருக்கு" என்று விட்ட ஒன்றுதான் பிறகு வில்லங்கமாக முடியும்.

ஊசி குத்தினால் புற்று கிளறிவிடப்பட்டுப் பரவும் என்கிறார்களே?

தோல் கட்டிகளில் அந்த அபாயம் மிக மிகக் குறைவு. சிறுநீர்ப்பைக் கட்டி போன்ற சில இடங்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை பொருந்தும். மாஸ்ட் செல் கட்டியைக் குத்தினால் சற்று வீங்கி ரத்தம் கசியலாம், சில நிமிடம் பஞ்சால் அழுத்தினால் நிற்கும். ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப் போடுவதால் வரும் கேடு இதைவிடப் பெரிது.

ஊசி மாதிரி எடுக்கும் முன் ஸ்டீராய்டு மாத்திரையோ ஸ்டீராய்டு ஊசியோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மாஸ்ட் செல்லும் நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கும். கட்டி குணமாகிறது என்று ஏமாந்துவிடுவோம்.

கொழுப்புக் கட்டி உறுதியான பிறகு வீட்டில் எப்படிக் கண்காணிப்பது?

ஒரு நோட்டில் நாயின் உருவத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் வரையுங்கள். கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து எண் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நீளம், அகலம், தொட்டால் எப்படி என்று எழுதுங்கள். உதாரணமாக: "எண் 2. இடது விலா, கடைசி எலும்புக்கு நான்கு விரல் முன்னால். 32 × 25 மி.மீ. மெத்தென்று, நகர்கிறது. ஊசி: கொழுப்பு." பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் இருந்தால் சரியாக அளக்கலாம். நூலைச் சுற்றி அளப்பது சரிவராது, முடியும் தோல் மடிப்பும் கணக்கைக் கெடுக்கும்.

மாதம் ஒரு முறை, நாயை ஒரே நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும். படுத்திருக்கும்போது அளந்ததையும் நிற்கும்போது அளந்ததையும் ஒப்பிட்டுப் பதறுபவர்கள் உண்டு. அதேசமயம் சிறு மாற்றத்தை அலட்சியப்படுத்தவும் கூடாது. உருண்டைக் கட்டியின் விட்டம் 2 செ.மீ.யிலிருந்து 2.5 செ.மீ. ஆனால், கனஅளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள்.

கட்டி கெட்டியானாலோ, தோலோடு ஒட்டிக்கொண்டாலோ, இரண்டு மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்தாலோ மறுபடி ஊசி எடுக்க வேண்டும்.

எல்லாக் கொழுப்புக் கட்டியையும் எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலானவற்றைச் சும்மா விடுவதே சரி. பன்னிரண்டு வயது நாய்க்கு, விலாவில் இருக்கும் 3 செ.மீ. கட்டியைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மயக்க மருந்து கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. அக்குளில் வளர்ந்து, நாய் முன்னங்காலை அகட்டி நடக்கத் தொடங்கினால் எடுக்க வேண்டும். அங்கே சிறிதாக இருக்கும்போதே எடுப்பது நல்லது. அந்த இடத்தில் காலுக்குப் போகும் பெரிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன, கட்டி தேங்காய் அளவு ஆன பிறகு அவற்றைக் காயப்படுத்தாமல் எடுப்பது கடினம். தரையில் உரசிப் புண்ணாகிற கட்டி, கழுத்துப் பட்டையோ நெஞ்சுப் பட்டையோ அழுத்துகிற இடத்துக் கட்டி, விடாமல் வளரும் கட்டி இவையும் அப்படியே. வேறு காரணத்துக்காக நாய்க்கு மயக்கம் கொடுக்கும்போது, பல் சுத்தம் செய்வதாகவே இருக்கட்டும், இடைஞ்சலான சிறு கட்டியையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

தொடை திடீரென்று பருத்துவிட்டது. இதுவும் கொழுப்பா?

தசைகளுக்கு நடுவே வளரும் லைப்போமா பின்தொடையில் அதிகம் வரும். வெளியே உருண்டையாகத் தெரியாது, தொடை முழுவதும் வீங்கியது போலிருக்கும். எக்ஸ்ரேயில் கொழுப்பு தசையைவிடக் கறுப்பாக விழும் என்பதால் நன்றாகத் தெரியும். ஆபரேஷனில் தசைகளைப் பிரித்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், திரும்ப வருவது அபூர்வம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, ஊடுருவும் லைப்போமா. இது தசை நார்களுக்குள்ளேயே வேர்விட்டாற்போல் பரவும். வேறு உறுப்புக்குப் போகாது, ஆனால் எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஊசி மாதிரியில் சாதாரண லைப்போமா மாதிரியேதான் தெரியும். ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் எல்லை புரியும். எடுத்த பின்னும் மூன்றில் ஒன்றுக்கு மேல் திரும்ப வருகிறது. கதிர்வீச்சு உதவும், நம் பக்கத்தில் நாய்களுக்கு அது கிடைப்பது அரிது.

லைப்போமா நாளடைவில் புற்றாக மாறுமா?

மாறுவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. லைப்போசார்கோமா என்ற கொழுப்புப் புற்று தனியே தோன்றுவது. அரிது. கெட்டியாக, அடியோடு ஒட்டி இருக்கும். முதல் ஆபரேஷனிலேயே அகலமாக வெட்டுவதுதான் முக்கியம்: 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அகலமாக வெட்டப்பட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) 1,188 நாள், ஓரத்தோடு மட்டும் எடுக்கப்பட்டவற்றுக்கு 649 நாள்.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை. வயதான நாய் என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஊர் நாய்களுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், சாதாரணக் கட்டி ஆபரேஷனில்கூட ரத்தக் கசிவு நிற்காமல் போகலாம். கொழுப்புக் கட்டி அவசரமில்லாத விஷயம். உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மருந்தை 28 நாள் கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பிறகு ஆபரேஷனுக்குப் போவதில் எந்த நஷ்டமும் இல்லை.

திட உணவை 6 முதல் 8 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். "பாவம், பசிக்குமே" என்று வீட்டில் யாராவது ரகசியமாகப் பிஸ்கட் கொடுத்துவிட்டால், மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது? பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

தோலைக் கீறி, உறையோடு கட்டியை விரலால் பிரித்து எடுப்பார்கள். நன்றாக உறைகட்டிய லைப்போமா உரித்த பலாச்சுளை போல் முழுதாக வந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான்: கட்டி இருந்த இடம் காலிப் பையாக நிற்கும். அதைத் தையல் அடுக்குகளால் மூட வேண்டும், பெரிதென்றால் ஒரு டியூப் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் நிணநீர் தேங்கும். இதுதான் செரோமா. மூன்று நான்கு நாளில் தையலுக்கடியில் தண்ணீர்ப் பை போல் ஆடும் வீக்கம். சூடோ வலியோ சீழோ இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றும். வீட்டில் ஊசி குத்தி எடுத்தால் கிருமி உள்ளே போகும், நீரும் மறுபடி சேரும்.

செரோமா வருவதற்குப் பெரிய காரணம் நாய் ஓடுவதும் மாடி ஏறுவதும்தான். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், சிறுநீர் கழிக்கக் கயிற்றில் பிடித்துக் கொண்டுபோவது மட்டும். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ராத்திரியிலும் இருக்க வேண்டும். நாய் ஐந்து நிமிடத்தில் தையலைக் கடித்துப் பிரித்துவிடும். குளிப்பாட்டக் கூடாது. வலிக்கு மருத்துவர் எழுதிய மருந்து மட்டும். வீட்டிலிருக்கும் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெட்டாமல் ஊசி போட்டுக் கரைக்க முடியாதா? லைப்போசக்ஷன்?

ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைக் கட்டிக்குள் செலுத்தினால் சில கட்டிகள் சுருங்குகின்றன, சில முழுவதும் மறைகின்றன. ஓரிரு வாரம் நாய் அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கும். கட்டி லைப்போமாதான் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது. லைப்போசக்ஷனில் கீறல் சிறிது, ஆனால் உறை உள்ளேயே தங்குவதால் மறுபடி வளர வாய்ப்பு அதிகம். ஒரு காலத்தில் கால்சியம் குளோரைடு ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். தோல் வெந்து அழுகியதால் அது வேண்டாத முறையாயிற்று.

மஞ்சள் பற்று? சுண்ணாம்பு?

மஞ்சள் தோலைத் தாண்டிக் கட்டிக்குப் போகாது. நாய் நக்கித் தின்னும், சோபா மஞ்சளாகும். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும்.

எடையைக் குறைத்தால் கட்டி கரையுமா?

கரையாது. நாய் இளைத்தால் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து, கட்டி முன்னைவிட எடுப்பாகத் தெரிவதும் உண்டு. ஆனாலும் எடையைக் குறையுங்கள்: மயக்க மருந்தின் அபாயம் குறையும், மூட்டுக்கும் நல்லது. 30 கிலோ இருக்க வேண்டிய லேப்ரடார் 38 கிலோ இருந்தால், நாளுக்கு ஏறக்குறைய 900 கிலோ கலோரியில் தொடங்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரியான வேகம். ஒரு மேரி பிஸ்கட் 20 கிலோ கலோரிக்கு மேல். டீயோடு ஆளுக்கு இரண்டாக வீட்டில் ஐந்து பேர் நீட்டினால், நாயின் நாள் கணக்கில் கால்வாசி அங்கேயே போய்விடுகிறது.

பெரிய பரிசோதனைகளுக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை. ஊசி மாதிரிக்கு மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நுண்ணோக்கி உள்ள எந்த கிளினிக்கும் போதும்.

வெட்டி எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா?

அனுப்புங்கள், குப்பைத் தொட்டியில் போட விடாதீர்கள். கட்டியின் அளவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில், வாய் அகன்ற டப்பாவில். பெரிய கட்டியென்றால் 1 செ.மீ. இடைவெளியில் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். ஊசி மாதிரி ஸ்லைடுகளை அதே பையில் வைக்கக் கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டாலே ஸ்லைடில் உள்ள செல்கள் சாயம் ஏற்காமல் கெட்டுப்போகும்.

வீட்டில் இருக்கும் இன்னொரு நாய்க்கு ஒட்டுமா?

லைப்போமா ஒட்டாது. நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் கட்டி ஒன்று உண்டு: இனச்சேர்க்கையில் பரவும் பிறப்புறுப்புக் கட்டி. தெருநாய்களில் அதிகம் பார்க்கலாம். காலிஃபிளவர் போல் சிவந்து, ரத்தம் சொட்டும். அதற்கு வெட்டுவதைவிட வின்கிறிஸ்டின் என்ற புற்று மருந்து, வாரம் ஒரு ஊசியாக, நன்றாகக் கேட்கும். பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு ஊசிகளுக்குள் மறைந்துவிடும்.